சார்ல்ஸ்டன் போகிறவர்கள் படகுத்துறையில் தொடங்கட்டும்

சார்லட்டிலிருந்து காரில் மூன்றரை மணி நேரம், அட்லாண்டாவிலிருந்து ஐந்து மணி நேரம். அந்த ஊர்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வார இறுதியில் போய்வர எட்டும் தூரத்தில் இருக்கிறது சார்ல்ஸ்டன். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே கடலை நோக்கி நீண்டு கிடக்கும் பழைய துறைமுக நகரம். ஆங்கிலேயர் 1670இல் குடியேறிய இடம். பழைய தெருக்களின் தோற்றம் கெடாமல் காக்க 1931இலேயே சட்டம் போட்டது. அமெரிக்க நகரங்களில் அதற்கு முன்னோடி இதுதான்.

முதல் முறை போகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். வண்ண வண்ணமாகப் பதின்மூன்று வீடுகள் ஒட்டி நிற்கும் ‘ரெயின்போ ரோ’வில் படம், குதிரை வண்டியில் ஒரு சுற்று, கடலோர ‘பேட்டரி’யில் மாலைக் காற்று, மறுநாள் ஒரு தோட்ட மாளிகை. எல்லாமே அழகான இடங்கள்தான். ஆனால் இவற்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால், அந்த வீடுகளுக்குக் காசு எங்கிருந்து வந்தது, செங்கல்லை யார் சுட்டார்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைக்காது. அதனால் வரிசையை மாற்ற வேண்டும். முதல் நாள் காலை போக வேண்டிய இடம் கூப்பர் ஆற்றங்கரையில் உள்ள கேட்ஸ்டன் படகுத்துறை.

1808 ஜனவரியில் அமெரிக்கா அடிமைகளை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் மட்டும் பல்லாயிரம் ஆப்பிரிக்கர்கள் சார்ல்ஸ்டனில் இறக்கப்பட்டார்கள். கடைசி இரண்டு ஆண்டுகளில் அந்தக் கப்பல்கள் வந்து நின்ற துறை இது. இதே இடத்தில் 2023 ஜூனில் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இந்த மண்ணின் மேல் கட்டடம் உட்காரக் கூடாது என்று, ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத் தூண்களின் மேல் கட்டியிருக்கிறார்கள். கீழே திறந்த வெளி. அங்கே தரையில் மனித உருவங்கள் வரிவரியாகப் பதிந்திருக்கின்றன. கப்பலின் அடித்தளத்தில் மனிதர்களை எப்படி நெருக்கிப் படுக்கவைத்தார்கள் என்று காட்டுகிற பதிவு அது. அதன் மேல் தண்ணீர் ஏறி இறங்குகிறது. நுழைவுச் சீட்டு வாங்காமலே இதைப் பார்க்கலாம். உள்ளே போக முன்பதிவு செய்துகொள்வது நல்லது; அரை நாளாவது ஒதுக்க வேண்டும்.

அங்கிருந்து வெளியே வருகிறவருக்கு ஊரே வேறு மாதிரி தெரியும். சோறு தின்று வளர்ந்த தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமாகத் தெரியும், ஏனென்றால் சார்ல்ஸ்டனைப் பணக்கார ஊராக்கியது நெல். சதுப்பு நிலத்தைத் திருத்தி, கரை எடுத்து, மதகு வைத்து, கடல் ஏற்றத்தின் விசையிலேயே ஆற்று நன்னீரை வயலுக்குப் பாய்ச்சிய வேலை முழுவதும் அடிமைகளின் தலையில் விழுந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் விளையும் கரையோரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லியே விற்பனைக்கு விளம்பரம் செய்தார்கள். மனிதரோடு சேர்த்து அவர்களுடைய வேளாண்மை அறிவையும் விலைக்கு வாங்கிய ஊர் இது. 1700களின் தொடக்கத்திலேயே தென் கரோலினாவில் வெள்ளையரைவிடக் கறுப்பர்களின் எண்ணிக்கை கூடிவிட்டது.

அந்த அறிவின் மிச்சத்தை இன்றும் கையில் எடுத்துப் பார்க்கலாம். சிட்டி மார்க்கெட்டில் கூடை பின்னும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அடிமைகளின் வழிவந்த கல்லா மக்கள். வாசனைப் புல்லைக் கற்றையாகச் சேர்த்துச் சுருட்டி, பனை இனத்து ஓலைக் கீற்றால் சுற்றுக்குச் சுற்று தைத்து இறுக்குகிறார்கள். துளை போட அவர்கள் வைத்திருப்பது தேய்த்துக் கூராக்கிய ஸ்பூன் காம்பு. இந்தக் கூடைகளில் மூத்தது, நெல்லைப் புடைக்க அகலமாகப் பின்னிய தட்டு. செய்கிற வேலை நம் முறம் செய்வதேதான். விலை பல பத்து டாலரில் தொடங்கி நூற்றுக்கணக்கில் போகும். ஒரு கூடைக்குப் பின்னால் எத்தனை நாள் உழைப்பு இருக்கிறது என்று பார்த்த பிறகும் பேரம் பேசுவது நியாயமில்லை.

வீடு பார்க்க வேண்டும் என்றால் எலிசபெத் தெருவில் உள்ள அய்க்கன் ரெட் மாளிகையைச் சொல்லலாம். மற்ற மாளிகைகளைப்போல இதைப் பளபளப்பாக்கவில்லை. வால்பேப்பர் உரிந்தபடியே விட்டிருக்கிறார்கள். பின்கட்டில் சமையலறை, சலவை அறை, மாடியில் அடிமைகள் தங்கிய அறைகள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. முன்வாசலின் அகலத்தையும் அந்த அறைகளின் அகலத்தையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். சால்மர்ஸ் தெருவில் உள்ள பழைய அடிமைச் சந்தை சிறிய இடம். மனிதர்களைத் தெருவில் வைத்து ஏலம் விடக் கூடாது என்று நகர நிர்வாகம் 1856இல் உத்தரவு போட்ட பிறகு, ஏலம் உள்ளறைக்குப் போனது. அந்தத் தெருவில் உருண்டைக் கற்கள் பாவியிருப்பதால் வயதானவர்கள் கால் பார்த்து வைக்க வேண்டும்.

கால்ஹவுன் தெருவில் இமானுவேல் தேவாலயம் இருக்கிறது. 2015 ஜூன் 17 அன்று மாலை வேத வகுப்பில் இருந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்ற இடம். இன்றும் வழிபாடு நடக்கிறது. அங்கே போகிறவர்கள் வழிபாட்டுத் தலத்துக்குப் போவதுபோல் போக வேண்டும். சுவரில் சாய்ந்து செல்ஃபி எடுக்கும் இடம் இல்லை.

குதிரை வண்டியில் ஏற ஆசைப்படுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளலாம். எந்தத் தெருக்கள் வழியாகப் போவது என்பதை வண்டிக்காரர் முடிவு செய்வதில்லை. நெரிசலைக் குறைக்க நகராட்சி குலுக்கல் முறையில் பாதை ஒதுக்குகிறது. கேட்ட தெரு கிடைக்காது. நடப்பதே மேல். பழைய ஊர் முழுவதும் நடக்கிற தூரம்தான்; கால் வலித்தால் கட்டணமில்லாத ‘டேஷ்’ பேருந்து ஓடுகிறது. மார்ச், ஏப்ரலில் போனால் வெயில் இதமாக இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் சென்னைப் புழுக்கம். கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் மார்க்கெட் பக்கத் தெருக்களில் தண்ணீர் நின்றுவிடும். ஏற்ற நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது உதவும்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். காராமணி இனத்துப் பயறும் அரிசியும் சேர்ந்த ‘ஹாப்பின் ஜான்’ பெயரைக் கேட்டால் நம் வீட்டுச் சாப்பாடு மாதிரி தோன்றும். பெரும்பாலும் அதில் பன்றி இறைச்சி விழுந்திருக்கும், கீரையிலும் அப்படித்தான்.

இரண்டாம் நாள் படகில் சம்டர் கோட்டைக்குப் போகலாம். 1861 ஏப்ரல் 12 அன்று உள்நாட்டுப் போரின் முதல் குண்டுகள் விழுந்த இடம். ஆனால் அந்தப் படகில் உட்கார்ந்திருக்கும்போது ராபர்ட் ஸ்மால்ஸை நினைத்துக்கொள்ள வேண்டும். அடிமையாக இருந்த மாலுமி. 1862 மே மாதத்தில் ஒரு நாள் விடிவதற்கு முன், கேப்டனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சரியான சைகை கொடுத்து, ‘பிளான்டர்’ என்ற தென் மாநிலக் கூட்டமைப்பின் கப்பலைச் சம்டர் கோட்டையின் பீரங்கிகளுக்கு முன்னாலேயே ஓட்டிப்போய் வடக்குப் படையிடம் ஒப்படைத்தார். கப்பலில் அவருடைய மனைவி மக்களும் இருந்தார்கள். பின்னாளில் அவர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார்.

கடைசியாகத் தோட்ட மாளிகை. மேக்னோலியாவுக்குப் பூக்களுக்காகப் போவார்கள், தவறில்லை. ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால், ஜேம்ஸ் தீவில் உள்ள மெக்லியோடுக்குப் போவது நல்லது. அங்கே வழிகாட்டிகள் முதலாளி குடும்பத்தைவிட, வரிசையாக நிற்கும் மரக்குடிசைகளில் வாழ்ந்தவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். விடுதலை கிடைத்து நூறாண்டு கழிந்த பிறகும் அந்தக் குடிசைகளில் ஆட்கள் குடியிருந்தார்கள். எப்படி, என்ன வாடகைக்கு, எதற்காக என்று வழிகாட்டியிடம் கேட்டால் விவரமாகச் சொல்வார்.