மார்ச்சில் வாங்கும் இயந்திரம்

மார்ச் மாதம் பிறந்ததும் கொல்கத்தாவின் சிறுதொழில் வாடிக்கையாளர்களிடையே ஒரு பரபரப்பைக் காண்கிறோம். “இம்மாத இறுதிக்குள் ஓர் இயந்திரம் வாங்கிவிட்டால் வரி குறையும் என்கிறார்களே, கடன் உடனே கிடைக்குமா?” என்று வினவுகின்றனர். லேக் மார்க்கெட் பகுதியில் சிற்றுண்டிக் கடை நடத்தும் தமிழரும் கேட்கிறார். காலேஜ் தெருவுக்கு அருகே அச்சகம் வைத்திருக்கும் வங்காளியும் கேட்கிறார். கடன் வழங்குவது வங்கியின் தொழில்தான். எனினும், வரியை மட்டும் எண்ணி அவசரமாக இயந்திரம் வாங்க வேண்டாம் என்று கூறுவதும் நம் கடமை என்றே கருதுகிறோம்.

கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 2,00,000 ரூபாய்க்கு மாவரைக்கும் இயந்திரம் வாங்குகிறார். பலர் நினைப்பதுபோல் அத்தொகை முழுவதும் அவ்வாண்டின் செலவாகாது. ஆண்டுதோறும் ஒரு பகுதியே தேய்மானமாகக் கழிக்கப்படும். பொதுவான இயந்திரங்களுக்கு அது 15 சதவீதம். கணினிக்கு 40 சதவீதம். எனவே முதலாண்டில் 30,000 ரூபாயும், மறு ஆண்டில் எஞ்சிய 1,70,000 ரூபாயின்மீது 25,500 ரூபாயும் கழியும். 20 சதவீத வரி விகிதத்தில் இருப்பவருக்கு முதலாண்டில் குறையும் வரி சுமார் 6,000 ரூபாய்.

மார்ச்சில் வாங்கினால் அதுவும் கிடைக்காது. நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பட்ட இயந்திரத்துக்குப் பாதித் தேய்மானமே உண்டு. 2,00,000 ரூபாய் செலவழித்து அவ்வாண்டில் 3,000 ரூபாய் வரியை மிச்சப்படுத்துவது சிக்கனம் ஆகாது. விலைச்சீட்டு மட்டும் கைக்கு வந்து, இயந்திரம் பெட்டியிலேயே கிடந்தால் அப்பாதியையும் கோர இயலாது. அது தொழிலில் இயங்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

முழுத் தேய்மானம் பெற அக்டோபர் 3ஆம் தேதிக்குள் இயந்திரம் ஓடத் தொடங்க வேண்டும். துர்கா பூஜை விற்பனை முடியட்டும் என்று காத்திருக்கும் வணிகர்கள் பலர் இந்நாளைத் தவறவிடுகின்றனர். பொய்லா பொய்ஷாக் நாளில் வங்காள வணிகர்கள் புதுக்கணக்கு எழுதுகின்றனர். ஏறத்தாழ அதே நாளில் நமக்கும் சித்திரை பிறக்கிறது. தேவையான கருவியைத் திட்டமிட்டு வாங்க அதுவே உகந்த காலம்.

நாளைவிடப் பெரிய இழப்பு ரொக்கத்தால் நேர்கிறது. சாந்தினி சௌக்கிலும் எஸ்ரா தெருவிலும் கையில் பணத்தைக் காட்டினால் விலை சற்று இறங்கலாம். ஆனால் ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்து இயந்திரம் வாங்கினால், அத்தொகை அதன் விலையில் சேர்க்கப்படாது. 2,00,000 ரூபாயையும் அவ்வாறு தந்தவருக்கு இனி எந்த ஆண்டிலும் தேய்மானம் இல்லை. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ இவ்விழப்பைத் தவிர்க்கும்.

கடனில் வாங்குவோரிடம் மற்றொரு குழப்பமும் உள்ளது. மாதத் தவணை முழுவதையும் செலவாக எழுதுகின்றனர். தவணையில் உள்ள வட்டி மட்டுமே செலவு, அசல் செலவன்று. ஆயினும் கடன் தீரும்வரை காத்திராமல், இயந்திரத்தின் முழு விலைமீதும் முதலாண்டிலிருந்தே தேய்மானம் கோரலாம். இதில் வங்கியாளராகிய நம் குறையும் உண்டு. கடன் மனுவுக்குக் கொட்டேஷனைக் கண்டிப்பாகக் கேட்கும் நாம், இறுதி விலைச்சீட்டையும் இயந்திரம் ஓடத் தொடங்கிய நாளின் சான்றையும் பத்திரப்படுத்துமாறு வாடிக்கையாளரிடம் சொல்லத் தவறுகிறோம்.

விற்றுமுதலில் 8 அல்லது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டும் அனுமான வரித் திட்டத்தில் இருப்போர் தனியே தேய்மானம் கோர இயலாது. அது அவ்விகிதத்திலேயே அடங்கியதாகக் கொள்ளப்படும். பெரிய இயந்திரம் வாங்கும் ஆண்டில் எவ்வழி நன்று என்பதைத் தணிக்கையாளரிடம் முன்னதாகவே கேட்பது நல்லது. அத்திட்டத்தை இடையில் கைவிட்டால் அடுத்த 5 ஆண்டுகளுக்கு அதற்குத் திரும்ப இயலாமல் போகலாம்.

விதிகளை இவ்வாறு விளக்கும்போதே, அவை சிறியவருக்குக் கடுமையாக உள்ளன என்பதையும் உணர்கிறோம். பிரிட்டனில் நிறுவனங்கள் ஆண்டுக்கு 10 லட்சம் பவுண்டு வரை தகுதியுள்ள இயந்திரச் செலவை முதலாண்டிலேயே முழுமையாகக் கழிக்கலாம். நம் நாட்டிலும் ஒரு காலத்தில் 5,000 ரூபாய்க்கு மேற்படாத இயந்திரத்தின் முழு விலையையும் அவ்வாண்டிலேயே கழிக்க வழி இருந்தது. 1990களின் நடுவில் அச்சலுகை நீக்கப்பட்டது. 1860இல் ஜேம்ஸ் வில்சன் அறிமுகப்படுத்திய வருமான வரி, இந்நகரம் தலைநகராயிருந்த காலத்தில் பிறந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வரும் இவ்வேளையில், பழைய சலுகையை இன்றைய விலைவாசிக்கேற்ப ஒரு லட்சம் ரூபாய் வரம்புடனாவது மீட்க வேண்டும் என்பது நம் கருத்து. ஒரு தையல் இயந்திரத்தின் விலையைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கழித்துக்கொண்டிருப்பதால் அரசுக்குப் பெரிய ஆதாயமில்லை. தையற்கடைக்காரருக்கோ கணக்குச் சுமை மட்டுமே மிச்சம்.

அதுவரை வாடிக்கையாளர்களுக்கு நாம் கூறுவது இதுவே. தொழிலுக்குத் தேவையெனில் வாங்குங்கள். ஆண்டின் முற்பகுதியில் வாங்குங்கள். வங்கி வழியாகப் பணம் செலுத்துங்கள். விலைச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தேவையில்லாத இயந்திரத்தை எந்த வரிச்சலுகையும் லாபமாக்காது.