பழைய வெஸ்பாவும் புதிய வேகமும்

ஞாயிற்றுக்கிழமை காலை வேளையில், மலேசிய நகரங்களின் உணவுக்கடைகளுக்கு முன்னால் பழைய வெஸ்பா ஸ்கூட்டர்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். வெளிர்நீலம், இளம்பச்சை, தந்த நிறம் எனப் பளபளக்கும் அவ்வண்டிகளுள் பல, அவற்றை ஓட்டி வந்த இளைஞர்களைவிட வயதில் மூத்தவை. ஒருவருக்கு அது தாத்தா வேலைக்கு ஓட்டிச் சென்ற வண்டி. மற்றொருவருக்கு அது துருப்பிடித்த நிலையில் வாங்கி, பல மாதச் சேமிப்பைச் செலவிட்டு மீட்டெடுத்த வண்டி. தேநீர் அருந்திவிட்டு அனைவரும் புறப்படும்போது, அவற்றுள் ஒரு வண்டி மட்டும் கனத்த ஒலியுடன் மற்றவற்றை முந்திச் சீறிப் பாய்கிறது. வெளித்தோற்றத்தில் அது 1960களின் வண்டி. ஆனால், அதன் பக்கக் கவசத்திற்குள் இருப்பதோ பிற்காலத்தில் உருவான, ஆற்றல் மிகுந்த வேறோர் இயந்திரம்.

சிறிய பழைய ஸ்கூட்டரில் பெரிய இயந்திரத்தைப் பொருத்துவது முறையா? “என் வண்டி, என் விருப்பம்” என்கின்றனர் சிலர். “பழைமையைக் கெடுப்பது தவறு, அதில் ஓர் ஆணியைக்கூட மாற்றக்கூடாது” என்கின்றனர் வேறு சிலர். இரு தரப்பினர் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும், இரு தரப்பினருமே முதன்மையான கேள்வியைக் கேட்க மறந்துவிடுகின்றனர். கூட்டப்படும் வலிமையை வண்டியின் மற்ற பாகங்கள் தாங்குமா? அதனால் கூடும் பொறுப்பை உரிமையாளர் ஏற்பாரா? இவ்விரண்டிற்கும் “ஆம்” என்று விடை கூற முடிந்தால் மட்டுமே இயந்திரத்தை மாற்றுவது முறையாகும்.

இதனைப் புரிந்துகொள்ள, வெஸ்பா பிறந்த கதையை அறிவது நலம். இத்தாலியின் பொந்தெதேரா நகரில் விமானங்களைத் தயாரித்து வந்த பியாஜியோ நிறுவனத்தின் ஆலை, இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்கு இலக்கானது. போர் முடிந்தபின் மக்களுக்கு விமானங்களைவிட மலிவான வாகனமே தேவைப்பட்டது. அத்தகைய வாகனத்தை வடிவமைக்கும் பணி, விமானப் பொறியாளரான கொராதீனோ தஸ்கானியோவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு மோட்டார் சைக்கிள்கள்மீது அவ்வளவாக விருப்பமில்லை. ஆகவே, ஆடையை அழுக்காக்கும் சங்கிலியை அவர் தவிர்த்தார். இயந்திரத்தைப் பின்சக்கரத்தின் அருகிலேயே அமைத்தார். விமானத்தின் தரையிறங்கும் சக்கரத்தைப் போல, முன்சக்கரத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தாங்கிப் பிடிக்கச் செய்தார். குழாய்ச் சட்டத்திற்குப் பதிலாக, வளைத்து ஒட்டப்பட்ட எஃகுத் தகடே வண்டியின் உடலாயிற்று.

1946ஆம் ஆண்டு வெளிவந்த முதல் வெஸ்பாவின் இயந்திரம் 98 சிசி கொள்ளளவு கொண்டது. அதன் ஆற்றல் சுமார் 3.2 குதிரைத்திறன், அதிகபட்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அதன் சக்கரங்கள் 8 அங்குல அளவிலானவை. இவ்வெண்கள் தற்செயலாக அமைந்தவை அல்ல. எவ்வளவு வேகம், அதற்கு எவ்வளவு பெரிய சக்கரம், அதனை நிறுத்த எவ்வளவு வலிய பிரேக் என்று எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும்படி கணக்கிடப்பட்டவை. ஆகவே, பழைய வண்டியொன்றில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுபவர், தாம் அறியாமலேயே மற்ற எண்களையும் கேள்விக்குள்ளாக்குகிறார்.

ஆயினும், இயந்திரத்தை மாற்ற விரும்புவோர் அனைவரையும் வேகப் பித்தர்கள் என்று ஒதுக்கிவிட இயலாது. 1960களில் வெளிவந்த 150 சிசி வெஸ்பா, அக்காலச் சாலைகளுக்குப் போதுமானதாக இருந்தது. இன்று நிலைமை வேறு. மலேசியாவின் கூட்டரசுச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அச்சாலைகளில் கார்களும் லாரிகளும் விரைந்து செல்லும்போது, தேய்ந்துபோன பழைய இயந்திரத்துடன் ஊர்ந்து செல்வதும் ஆபத்தே. கேமரன் மலைக்கு இருவர் ஒரே வண்டியில் ஏறும்போது, இரண்டாவது கியரில் முனகிக்கொண்டிருக்கும் வண்டிக்குப் பின்னால் லாரி வந்து நிற்கும் அச்சத்தை அனுபவித்தவர்கள்தாம் அறிவர். அவர்கள் கூடுதல் ஆற்றலை நாடுவதில் நியாயம் உண்டு.

மேலும், வெஸ்பாவின் அமைப்பும் இம்மாற்றத்திற்கு இடம் கொடுக்கிறது. அதில் இயந்திரம், கியர்ப்பெட்டி, பின்சக்கரம் ஆகிய மூன்றும் ஒரே தொகுதியாக உள்ளன. நீண்ட போல்ட்டு ஒன்றும் அதிர்வுதாங்கி ஒன்றும் அத்தொகுதியை உடலோடு இணைத்து வைத்திருக்கின்றன. 1970களின் பிற்பகுதியில் வெளிவந்த பி200இ வகை வெஸ்பாவின் 198 சிசி இயந்திரம், சில சிறு மாற்றங்களுடன் பழைய உடலில் அமர்ந்துவிடும். அதன் ஆற்றல் சுமார் 12 குதிரைத்திறன். இது 1960களின் 150 சிசி இயந்திரத்தின் ஆற்றலைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. கைதேர்ந்த மெக்கானிக் ஒருவருக்கு இது பெரிய வேலையன்று.

எளிதில் பொருந்திவிடுகிறது என்பதே இதிலுள்ள ஆபத்து. போல்ட்டு பொருந்தியதும் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அப்போதுதான் வேலை தொடங்குகிறது. அறிவியல் பாடத்தில் மாணவர்கள் கற்கும் ஒரு விதி இங்கு நினைவுகூரத்தக்கது. ஓடும் வண்டியின் இயக்கச் சக்தி, அதன் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற வண்டி 90 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது, வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. ஆனால், அதன் இயக்கச் சக்தியோ இரண்டேகால் மடங்காகிறது. வண்டியை நிறுத்த வேண்டுமாயின், அவ்வளவு சக்தியையும் பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். பழைய வெஸ்பாவின் சிறிய டிரம் பிரேக்குகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தொடர்ந்து அழுத்தினால் அவை சூடேறிப் பிடிமானத்தை இழக்கும்.

“வேகமாக ஓட்டுவதற்கன்று, மேட்டில் ஏறுவதற்கு மட்டுமே பெரிய இயந்திரம்” என்று சிலர் கூறுவர். நல்ல எண்ணந்தான். ஆனால், ஏறிய மலையிலிருந்து இறங்கித்தானே ஆக வேண்டும்! டூ ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்த இவ்வியந்திரங்கள், இறக்கத்தில் வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதில் அவ்வளவாக உதவுவதில்லை. எனவே, ஏறும்போது இயந்திரத்திற்கு நன்றி கூறுபவர், இறங்கும்போது முழுக்க முழுக்கப் பிரேக்கை நம்பியே இருக்க வேண்டும். மலேசியாவில் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளோட்டிகளும் அவர்களுடன் பயணம் செய்வோருமே. எனவே, பிரேக்கைப் பற்றிய இக்கவலை மிகையானதன்று.

வண்டியைத் தயாரித்தவர்கள் என்ன செய்தனர் என்பதைப் பார்த்தால் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். 1955ஆம் ஆண்டு, வேகத்திற்கெனவே ஜிஎஸ் 150 வெஸ்பாவை உருவாக்கியபோது, பியாஜியோ நிறுவனம் சக்கரங்களையும் 10 அங்குலமாகப் பெரிதாக்கியது. 1972ஆம் ஆண்டில் வந்த ரேலி 200 வண்டிக்கும், அதன்பின் வந்த பி200இ வண்டிக்கும் 10 அங்குலச் சக்கரங்களே. பி200இ வண்டியில் முன்சக்கர அதிர்வுதாங்கியின் அமைப்பும் திருத்தப்பட்டது. 1998ஆம் ஆண்டில் பிஎக்ஸ் வகையின் முன்சக்கரத்தில் வட்டு பிரேக்கும் இடம்பெற்றது. அதாவது, தொழிற்சாலை தனியே இயந்திரத்தை மட்டும் பெரிதாக்கவில்லை. ஆற்றல் கூடியபோது, அதனைத் தாங்கும் பாகங்களையும் சேர்த்தே வலுப்படுத்தியது. பொறியாளர்கள் செய்யத் துணியாததைப் பட்டறையில் ஒரு பிற்பகலில் செய்துவிடுவது துணிச்சலன்று, கவனக்குறைவே.

இனி, சட்டத்தின் பக்கம் பார்ப்போம். ஒரு வண்டியின் பதிவுச் சான்றிதழில் அதன் இயந்திர எண்ணும் கொள்ளளவும் குறிக்கப்பட்டிருக்கும். இயந்திரத்தை மாற்றுபவர், சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியைப் பெற்று, வண்டியைப் பரிசோதனைக்கு உட்படுத்தி, பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். இதனைப் பலர் வீண் அலைச்சலாகவே கருதுகின்றனர். செலவுக்கு அஞ்சியா என்றால், அதுவும் இல்லை. தீபகற்ப மலேசியாவில் 150 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுச் சாலை வரி 2 ரிங்கிட். 151 முதல் 200 சிசி வரை 30 ரிங்கிட். வேறுபாடு 28 ரிங்கிட் மட்டுமே. இயந்திரத்திற்கு ஆயிரக்கணக்கில் செலவிடத் தயங்காதவர், இச்சிறு தொகைக்கும் ஓரிரு நாள் அலைச்சலுக்கும் தயங்குவது வியப்பளிக்கிறது.

பி2 உரிமம் 250 சிசி வரையிலான வண்டியை ஓட்ட இடமளிக்கிறது. ஆகவே சிக்கல் ஏதுமில்லை என்றும் சிலர் வாதிடுவர். உரிமம், ஓட்டுநரின் தகுதியைக் காட்டுகிறதே தவிர, வண்டியின் தகுதியைக் காட்டுவதில்லை. இயந்திர மாற்றத்தைத் தெரிவிக்காத ஒருவர் விபத்தில் சிக்கினால், காப்புறுதி இழப்பீடு பெறுவதும் கேள்விக்குறியாகிவிடும். அப்போது துன்பப்படுவோர் அவர் மட்டுமல்லர். பின்னிருக்கையில் நம்பி அமர்ந்து வந்த தங்கையும், சாலையைக் கடந்த முதியவரும், வீட்டில் காத்திருக்கும் பெற்றோரும் அதன் விளைவைச் சுமக்க நேரிடும். “என் வண்டி, என் விருப்பம்” என்னும் கூற்று, வீட்டு வாசலைத் தாண்டிப் பொதுச்சாலையில் இறங்கியவுடன் வலுவிழந்துவிடுகிறது.

பழைமையைப் போற்றுவோரின் கருத்தையும் புறக்கணிக்க இயலாது. உடலும் இயந்திரமும் தொடக்கத்தில் இருந்தவாறே இணைந்திருக்கும் வண்டிக்கு, வண்டி சேகரிப்போரிடையே தனி மதிப்பு உண்டு. தாத்தா மிதித்து இயக்கிய அதே இயந்திரம் பேரனின் காலிலும் உயிர்பெறுவது, விலை கூற முடியாத இன்பம். பெரிய இயந்திரத்திற்கு இடமளிப்பதற்காக உடல் தகட்டை வெட்டுவதும், பழைய இயந்திரத்தை இரும்புக் கடையில் போடுவதும் மீள முடியாத இழப்புகள். ஆகவே, எந்த மாற்றமும் பின்னாளில் பழைய நிலைக்குத் திரும்பக்கூடியதாக இருத்தல் வேண்டும். கழற்றிய இயந்திரத்திற்கு எண்ணெய் பூசிப் பத்திரமாகச் சுற்றி வைப்பது, அடுத்த தலைமுறைக்குச் செய்யும் நன்றிக்கடன்.

பல வேளைகளில் புதிய இயந்திரமே தேவைப்படுவதில்லை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். பழைய வண்டி மேட்டில் திணறுவதற்குக் காரணம், அதன் பிறவிக் குறையாக இல்லாமல் பல ஆண்டுத் தேய்மானமாக இருக்கலாம். தேய்ந்த பிஸ்டன் வளையங்களை மாற்றி, கசியும் எண்ணெய்த் தடுப்பு வளையங்களைப் புதுப்பித்து, கார்புரேட்டரைத் தூய்மைப்படுத்தினாலே, இழந்த ஆற்றலின் பெரும்பகுதி மீண்டுவிடும். நகருக்குள் கடைக்கும் வேலைக்கும் சென்று வருபவருக்கு அதுவே போதுமானது. நோயை அறியாமல் மருந்து தேடுவதைப்போல, குறையை அறியாமல் இயந்திரம் தேடுவதும் வீண் செலவாகும்.

அதற்குப் பின்னும் கூடுதல் ஆற்றல் தேவை என்று ஒருவர் முடிவு செய்தால், அவர் வேலையைத் தொடங்க வேண்டிய இடம் இயந்திரமன்று, பிரேக். முதலில் வலிய பிரேக்கும், அதற்கேற்ற முன்சக்கரமும் பொருத்தப்பட வேண்டும். அடுத்து, புதிய டயர்களும் நல்ல அதிர்வுதாங்கிகளும் வேண்டும். பின்சக்கரத்தை மட்டும் 10 அங்குலமாக்கி, முன்சக்கரத்தை 8 அங்குலத்திலேயே விட்டுவிடுதல் கூடாது. பல ஆண்டுத் துருவால் உடல் தகடு வலுவிழந்துள்ளதா என்பதையும் ஆராய்தல் வேண்டும். பழைய வண்டியின் மங்கலான விளக்கு, கூடிய வேகத்தில் சாலையின் குழியைக் காட்டப் போதாது. ஆகவே மின்னமைப்பையும் சீர்செய்ய வேண்டும். அனுமதி, பரிசோதனை, காப்புறுதி ஆகியவற்றை முறைப்படுத்திய பின்னரே அவ்வண்டி பொதுச்சாலையில் ஓட வேண்டும். இவ்வளவுக்கும் பணம் போதவில்லை என்றால், இயந்திரத்தை மாற்றும் காலம் இன்னும் வரவில்லை என்பதே பொருள்.

மென்மையான மயிலிறகே ஆனாலும், அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று வலியறிதல் அதிகாரத்தில் எச்சரிக்கிறார் வள்ளுவர். அவர் கண்டது மாட்டு வண்டியாக இருக்கலாம். ஆனால், அவ்வெச்சரிக்கை ஸ்கூட்டருக்கும் பொருந்தும். வலிமையைத் தேடுவது குற்றமன்று. பெற்ற வலிமையைத் தாங்கும் ஆற்றல் தனக்கு உண்டா என்று எண்ணிப் பாராமல் தேடுவதே குற்றம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சீறிப் புறப்பட்ட அந்த வெஸ்பாவின் பெருமை, அது எவ்வளவு விரைவாகச் சென்றது என்பதில் இல்லை. தேவைப்பட்ட இடத்தில் நின்று, ஏற்றிச் சென்றவரை நலமாக வீடு கொண்டு சேர்த்தது என்பதில்தான் இருக்கிறது.