பெட்டிக்குள் இருப்பது என்ன?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்

ஹாக்கி என்றவுடன் நம்மவர் நெஞ்சில் தியான் சந்த் தோன்றுவார். தென்பாண்டிச் சீமைக்காரர்களுக்குக் கோவில்பட்டியும் தோன்றும். நான் சொல்ல வந்தது அந்த ஹாக்கி அன்று. கனடா நாட்டில் பனித்தரைமீது சறுக்கிக்கொண்டே ஆடுகிறார்களே, அந்த ஹாக்கி. அதிலும் ஆட்டத்தைப் பற்றியன்று. ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளைப் பற்றி. அவற்றைச் சேகரிப்பது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு, சிலருக்கு வணிகம். அட்டைகளைப் பொட்டலங்களாகவும், பொட்டலங்களைப் பெட்டிகளாகவும் விற்கிறார்கள். பிரிக்கும் வரை உள்ளே எந்த அட்டை என்று தெரியாது. ஆகவே எந்தப் பெட்டி சிறந்தது என்பது சேகரிப்போரிடையே ஓயாத வழக்கு. விடுதி நண்பர் ஒருவர் பெட்டி பிரிக்கும் படங்களைக் கைப்பேசியில் காட்டப் போய், இவ்வழக்கில் எனக்கும் ஒரு தீர்ப்பு பிறந்துவிட்டது. பனியையே பார்க்காதவனுக்கு இதில் என்ன வேலை என்பீர்கள். கணக்குப் போடப் பனி எதற்கு?

முதலில் பழைய பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓ-பீ-சீ என்பது 1911-இல் கனடாவின் லண்டன் நகரில் தொடங்கப்பட்ட மிட்டாய் நிறுவனம். மெல்லும் பசையோடு அட்டைகளையும் வைத்து விற்றார்கள். 1979-80 ஆட்டப் பருவத்துக்கு அவர்கள் வெளியிட்ட தொகுதியில் மொத்தம் 396 அட்டைகள். பொட்டலத்துக்கு 14 அட்டை, பெட்டிக்கு 48 பொட்டலம். ஆக ஒரு பெட்டியில் 672 அட்டைகள். தொகுதியைவிடப் பெட்டி பெரிது! பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற வெய்ன் கிரெட்ஸ்கியின் முதல் அட்டை இத்தொகுதியில் 18-ஆம் எண். அட்டைகள் சீராகக் கலந்திருந்தால், ஒரு பெட்டி வாங்கியவனுக்கு அந்த அட்டை ஒன்றாவது கிடைத்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 82.

இனிப் புதிய பெட்டி. அப்பர் டெக் நிறுவனத்தின் 2015-16 முதல் தொடரில், சேகரிப்போர் கடைகளுக்கென்று வந்த பெட்டியில் 24 பொட்டலம், பொட்டலத்துக்கு 8 அட்டை, ஆக 192. தொகுதியிலோ 250. அவற்றுள் 200 சாதாரண அட்டைகள். மீதி 50-ம் "யங் கன்ஸ்" எனப்படும் புதுமுகங்களின் அட்டைகள். இவை நான்கு பொட்டலத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் வரும். அதாவது பெட்டிக்கு ஆறு. அந்த ஆண்டு எல்லோரும் தேடியது கானர் மெக்டேவிட் என்ற இளைஞரின் அட்டையை. ஒரு பெட்டியில் அது இருக்கும் வாய்ப்பு ஐம்பதில் ஆறு, நூற்றுக்கு வெறும் 12.

ஐம்பது புதுமுகங்களையும் சேர்க்க விரும்பினால்? நிகழ்தகவு வகுப்பில் படித்ததுதான். ஒன்று, அரை, மூன்றில் ஒன்று என்று ஐம்பதில் ஒன்று வரை கூட்டி, 50-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 225 வருகிறது. அத்தனை புதுமுக அட்டைகளைச் சராசரியாக எடுத்தால்தான் ஐம்பது வகையும் கைக்கு வரும். பெட்டிக்கு ஆறு வீதம் 37 பெட்டிகளுக்கு மேல் ஆகிறது. பழைய ஓ-பீ-சீயில் இதே கணக்குப்படி 396 வகையும் சேர ஏறக்குறைய நான்கு பெட்டிகள் போதும். பள்ளி முற்றத்தில் நண்பனோடு இரட்டை அட்டைகளை மாற்றிக்கொண்டால் அதுவும் குறையும்.

விலையுயர்ந்த பெட்டிகளின் கதை இன்னும் வேடிக்கை. 2005-06 பருவத்தில் வந்த "தி கப்" என்பது ஒரு சிறு தகர டப்பா. உள்ளே ஒரே பொட்டலம், விரல் விட்டு எண்ணக்கூடிய அட்டைகள். சிட்னி கிராஸ்பி கையெழுத்திட்டு, சீருடைத் துண்டும் பதித்த புதுமுக அட்டை அதில் வந்தது. அச்சிட்டதே 99 படிகள்தாம். டப்பா வாங்குகிறவன் 99 பேரில் தானும் ஒருவன் என்று நினைத்துக்கொள்கிறான். மற்றவர்களை அவன் எண்ணுவதேயில்லை.

இது எனக்குப் பழகிய முகமாகத் தோன்றுகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். என் தாத்தா கூலி வாங்கிய கையோடு பரிசுச் சீட்டுக் கடைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவாராம். 2003-இல் தமிழ்நாட்டில் பரிசுச் சீட்டு ஒழிந்தபோது பாட்டி அம்மனுக்குப் பொங்கல் வைத்தாராம். அட்டைப் பெட்டியில் ஏதாவது அட்டையாவது கிடைக்கிறதே, இரண்டும் ஒன்றா என்று நண்பர் கேட்டார். ஒன்றல்லதான். ஆனால் ஒரே ஓர் அட்டைக்காகப் பெட்டி வாங்குகிறவனுக்கு மற்ற 191-ம் விழாத சீட்டுதானே?

"பிரிக்காமல் வைத்திருந்தால் விலை ஏறுமே!" என்பது அவருடைய அடுத்த கணை. ஏறியதுண்டு. கனடாவின் ரெஜைனா நகரில் ஒரு குடும்பத்தாரிடம் 1979-80 ஓ-பீ-சீ பெட்டிகள் பதினாறு கொண்ட பெரும்பெட்டி ஒன்று, முத்திரை உடையாமல் கிடைத்தது. 2024 பிப்ரவரியில் அது 37 இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. பதினாறு பெட்டிக்கு 10,752 அட்டைகள். 396-ஆல் வகுத்தால் சராசரி 27 கிரெட்ஸ்கி. அவற்றுள் எத்தனை பழுதற்றவை என்பது யாருக்கும் தெரியாது. அந்நாளில் கம்பியால் வெட்டிய அட்டைகள்; ஓரங்கள் பிசிறடித்திருக்கும். பழுதற்றது என்று மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற ஓர் அட்டை மட்டும் 2021-இல் தனியாகவே 37.5 இலட்சம் டாலருக்கு விலைபோனது. பிரித்தால் தெரிந்துவிடும், தெரியாதிருப்பதற்கே அந்தப் பெட்டிக்கு அவ்வளவு விலை! ஆனால் 1990-91 பருவத்தில் பல நிறுவனங்கள் போட்டி போட்டு அச்சிட்டுக் குவித்த பெட்டிகளைப் பாருங்கள். அவற்றையும் மக்கள் பிரிக்காமல்தான் காத்தார்கள். எல்லோரும் காத்ததால் இன்றும் மலிவாகவே கிடக்கின்றன.

என் தீர்ப்பு இதுதான். குறிப்பிட்ட ஓர் அட்டை வேண்டுமென்றால் பெட்டிப் பக்கமே போகாமல் அந்த அட்டையைத் தனியே விலைக்கு வாங்குவதே முறை. தொகுதியை நிரப்பும் இன்பம் வேண்டுமென்றால், விலையையும் பளபளப்பையும் விட்டுவிட்டு, தொகுதியின் அளவையும் பெட்டிக்குள் இருக்கும் அட்டைகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும். விகிதங்களைப் பொட்டலத்தின் மேலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்; படிப்பவர்தாம் குறைவு.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரே பெட்டிக்குள் ஒரு புதுமுகம் இருமுறை வராதபடி அடுக்கினால் 37 என்ற எண் சற்றுக் குறையும். எவ்வளவு குறையும் என்பதை மூன்றாமாண்டு அண்ணன்மார் போட்டுக் காட்டினால் அடுத்த ஆண்டு மலரில் வெளியிடலாம்.