கற்றுக்கொள்ளும் உரிமைக்கு வயதும் சாதியும் தடையாகலாமா?

சிகையலங்காரத் தொழில் நாடெங்கும் வேகமாக மாறி வருகிறது. மரத்தடி நாற்காலியும் தெருமுனைக் கடையும் இருந்த இடத்தில் குளிரூட்டப்பட்ட சலூன்களும் அழகு நிலையங்களும் சங்கிலிக் கடைகளும் வந்துவிட்டன. இத்தொழிலைக் கற்க வருவோர் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்கள் மட்டுமல்லர். பிள்ளைகள் வளர்ந்தபின் வருமானம் தேடும் பெண்கள், ஆலை மூடப்பட்டதால் வேலையிழந்தோர், தந்தையிடம் கத்தரி பிடிக்கக் கற்று, நாற்பது வயதில் புதிய முறைகளைக் கற்றால்தான் பிழைக்க முடியும் என்ற நிலைக்குத் தள்ளப்பட்ட முடிதிருத்தும் தொழிலாளர்கள் எனப் பலரும் இதில் அடங்குவர். குடும்பப் பொறுப்பைச் சுமந்தபடி மீண்டும் மாணவராகும் இவர்களுக்கு ஒன்றிய அரசு என்ன தருகிறது?

2023 செப்டம்பர் 17 அன்று ஆரவாரத்துடன் தொடங்கப்பட்ட விஸ்வகர்மா திட்டம் முடிதிருத்துதல் உள்ளிட்ட 18 தொழில்களை உள்ளடக்கியது. இதற்கு 13,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாட்கள். உதவித்தொகை நாளொன்றுக்கு 500 ரூபாய். கருவிகளுக்கு 15,000 ரூபாய். அதன்பின் 5 சதவீத வட்டியில் முதலில் ஒரு லட்சம், அடுத்து இரண்டு லட்சம் ரூபாய் கடன். ஐந்து நாள் பயிற்சிக்குக் கிடைப்பது 2,500 ரூபாய். அரசின் தொழிற்பயிற்சி நிலையங்களிலோ அழகுக்கலைப் பிரிவு ஓராண்டுப் படிப்பு!

ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களுக்கு ஐந்து நாள் போதாதா என்று ஆட்சியாளர்கள் கேட்கலாம். போதாது. முடிச்சாயங்களும் முடியை நேராக்கும் ரசாயனங்களும் அன்றாடம் புழங்கும் தொழில் இது. சிகையலங்காரப் பணியில் ஏற்படும் ரசாயனத் தொடர்பை, ‘புற்றுநோய் ஏற்படுத்தக்கூடும்’ என்ற பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வைத்துள்ளது. தன் உடலையும் வாடிக்கையாளரின் உடலையும் காக்கத் தேவையான அறிவை ஒரு வார முகாமில் ஊட்டிவிட முடியாது.

இத்திட்டத்தின் உள்ளடக்கம் இன்னும் ஆபத்தானது. அது சாதியைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. ஆனால் ‘குடும்பம் சார்ந்த பாரம்பரியத் தொழில்’ என்பதையே தகுதியாக வைக்கிறது. நம் நாட்டில் முடிதிருத்துவதைக் குடும்பத் தொழிலாக்கியது எது என்பதை விளக்க வேண்டியதில்லை. அச்சமூகத்தில் பிறந்து, பீகாரின் முதலமைச்சராகி, 1978இல் பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு வழங்கியவர் கர்ப்பூரி தாக்கூர். 2024இல் அவருக்குப் பாரத ரத்னா அறிவித்த அதே அரசுதான், அவரது சமூகத்தின் பிள்ளைகள் 18 வயதிலேயே குலத்தொழிலில் பதிவு செய்துகொள்ளக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கல்லூரி வாசலில் நிற்க வேண்டிய வயது அது. வேறு தொழிலிலிருந்து வந்து இதைப் புதிதாகக் கற்க விரும்புவோருக்கோ அந்தக் கதவு மூடியே இருக்கிறது.

பெண்களின் நிலை மேலும் மோசம். குடும்பத்தில் ஒருவர் மட்டுமே பதிவு செய்யலாம் என்பது விதி. கணவர் பதிவு செய்துவிட்டால், அழகு நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்த மனைவி வெளியே நிற்க வேண்டியதுதான். பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் குறுகிய காலப் பயிற்சியோ 45 வயதுடன் முடிந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது தனியார் பயிற்சி நிலையங்கள். கட்டணத்துக்கு நகையை அடகு வைத்து, பயிற்சிக் காலம் முழுவதும் கூலியையும் இழந்துதான் அங்கே கற்க முடிகிறது.

கற்றபின்னும் பாதுகாப்பு இல்லை. செயலி நிறுவனங்கள் இவர்களைத் தொழிலாளர் என்று அழைப்பதே இல்லை, ‘பங்காளர்’ என்கின்றன. வாடிக்கையாளர் தரும் மதிப்பெண் குறைந்தால் மறுபயிற்சிக்குப் போக வேண்டும் அல்லது கணக்கு முடக்கப்படும். கற்றல் அங்கே தண்டனையாகிவிட்டது. அதிகக் கமிஷனையும் நிறுவனத்தின் பொருட்களையே வாங்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் எதிர்த்து, 2021 அக்டோபரில் குருகிராமில் அழகுக்கலைப் பெண் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தனர். டிசம்பரில் மீண்டும் போராடியபோது அவர்கள் மீது நிறுவனம் வழக்குத் தொடுத்தது.

ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்பு குறித்த சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 140ஆவது உடன்படிக்கை 1974இல் நிறைவேறியது. அரை நூற்றாண்டு கடந்தும் இந்தியா அதனை ஏற்கவில்லை. இனியேனும் ஏற்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் வயது வந்தோருக்கு மாலை நேர வகுப்புகளும் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். பயிற்சிக் கால உதவித்தொகை குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையக் கூடாது. வயது வரம்பும் குடும்பத் தொழில் நிபந்தனையும் நீக்கப்பட வேண்டும். செயலிகளில் பணியாற்றுவோர் தொழிலாளர்களாகச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட வேண்டும்.

எந்தச் சாதியில் பிறந்தவரும் எந்த வயதிலும் இத்தொழிலைக் கற்கலாம். இத்தொழிலுக்கெனப் பிறந்ததாகச் சொல்லப்பட்டவர் இதை விட்டு வேறெதையும் கற்கலாம் என்ற நிலை வர வேண்டும். இவ்விரண்டும் ஒரே உரிமையின் இரு பக்கங்கள். முடிதிருத்துவோர், அழகுக்கலைத் தொழிலாளர், செயலித் தொழிலாளர் ஆகியோரின் சங்கங்கள் ஒன்றுபட்டு எழுப்ப வேண்டிய முழக்கமும் அதுவே.