உதவி பட்டாவுக்கா, பாடுபடுகிறவருக்கா?

புரட்டாசி மழை இறங்கியதும் விருதுநகர் கரிசலில் விதைப்பு தொடங்கிவிடும். அதே மழை சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பட்டாசு ஆலைகளில் வேலையை முடக்கிவிடும். வெயிலில் காயவைக்க முடியாத நாளில் வேலை இல்லை. வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. நேற்று ஆலைக்குப் போனவர் இன்று களை எடுக்கப் போகிறார். நம் மாவட்டத்தில் விவசாயியும் பட்டாசுத் தொழிலாளியும் பல ஊர்களில் ஒரே வீட்டுக்காரர்கள். விதை வாங்கும் பணம் ஆலைக் கூலியிலிருந்துதான் வருகிறது.

அரசின் உதவித் திட்டங்களோ அந்த வீட்டைப் பார்ப்பதில்லை; பட்டாவைப் பார்க்கின்றன. 2019-இல் வந்த பி.எம். கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தருகிறது. 1.2.2019 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதே அதற்கு அடிப்படை. இரண்டு ஹெக்டேர் உச்சவரம்பும் அந்த ஆண்டிலேயே நீக்கப்பட்டது. இதனால் வருமான வரி செலுத்தாத முப்பது ஏக்கர்காரருக்கும் தொகை உண்டு. மூன்று ஏக்கரை வாரத்துக்குப் பிடித்து, விதையும் உரமும் கடனில் வாங்கி மக்காச்சோளம் போடுபவருக்கு ஒரு ரூபாயும் இல்லை. மழை பொய்த்தால் நட்டம் முழுவதும் அவர் தலையில்தான்.

ஏக்கர் கணக்கிலும் ஒரு பிழை உண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர் என்று வரம்பு வைத்தார்கள். இரண்டையும் பிரித்தது சரியே. ஆனால் வருவாய்த் துறைப் பதிவேட்டில் கிணற்றுப் பாசனத் தோட்டமும் புன்செய்தான், வானம் பார்த்த கரிசலும் புன்செய்தான். ராஜபாளையம் பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் தென்னை வளரும் பத்து ஏக்கரும், திருச்சுழியில் மானாவாரியாகக் கிடக்கும் பத்து ஏக்கரும் ஒன்றாகுமா? வறட்சி ஆண்டில் கரிசல்காட்டுக்காரர் பதினோரு ஏக்கர் வைத்திருந்தும் ஏழைதான்.

ஆகவே இரண்டு திருத்தங்கள் தேவை. முதலாவது, நிலத்தை அளக்கும்போது பாசனம் உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும். இரண்டாவது, சாகுபடி செய்பவரை அரசு அடையாளம் காண வேண்டும். பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரருக்கும் இடமுண்டு. கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் அங்கே ஆதாரமாகிறது. அதே அடங்கல் மற்ற உதவிகளுக்கு மட்டும் ஏன் ஆகாது?

அடங்கலில் பெயர் ஏறினால் நிலம் கைவிட்டுப் போகும் என்ற உரிமையாளரின் அச்சத்தை நாம் அலட்சியம் செய்ய முடியாது. ஆந்திரம் 2019-இல் இதற்கென்றே சட்டம் இயற்றியது. பதினோரு மாத ஒப்பந்தம். பயிர் மீதே உரிமை, நிலத்தின் மீது இல்லை. ஆனால் உரிமையாளர் கையெழுத்து கட்டாயம் என்றானதால், பல குத்தகைதாரர்கள் அட்டை பெற முடியாமல் போனார்கள். நாம் அதையும் பாடமாகக் கொள்ள வேண்டும். ஒடிசாவின் காலியா திட்டமோ வாரதாரரையும் நிலமற்ற விவசாயக் குடும்பங்களையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொண்டது.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2011 முதல் நடைமுறையில் உள்ள முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் குத்தகைதாரருக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் உரியது. ஆலைக்குப் போவோருக்குப் பட்டாசுத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. இந்தப் பதிவுகள் இல்லாத குடும்பம், விபத்து நேர்ந்த பிறகு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்தில் வயலுக்குப் போகும்போது “பட்டா யார் பேரில்?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “உழுவது யார்? மழைநாளில் இந்த வீட்டுக்கு வருமானம் எது?” என்றும் கேளுங்கள். பதிலைக் குறித்துக்கொண்டு, விடுபட்டவரின் பெயரை வட்டாட்சியர் அலுவலகம்வரை கொண்டுபோய்ச் சேருங்கள்.