18 வயது வந்தால் கதவைச் சாத்துவதா?

அன்று அவனுக்கு 18 வயது நிறைகிறது.

மற்ற வீடுகளில் என்றால் பாயாசம் வைப்பார்கள். புதுச் சட்டை எடுப்பார்கள். அவனுக்குக் கிடைப்பது ஒரு பை, நாலு துணி, சான்றிதழ்கள் அடங்கிய ஓர் உறை. "இனி நீ பெரியவன். நல்லபடியாகப் பிழைத்துக்கொள்" என்று வாசல் வரை வந்து வழி அனுப்புகிறார்கள்.

எங்கே போவான்?

குழந்தைகள் இல்லங்களில் வளரும் எத்தனையோ பிள்ளைகளுக்கு இதுதான் பிறந்த நாள் பரிசு. இவர்களில் தாய் தகப்பனை இழந்தவர்கள் உண்டு. ரெயில் நிலையத்தில் தனியாக நின்று அழுதவர்கள் உண்டு. பெற்றவர்கள் இருந்தும் சோறு போட வழி இல்லாமல் கொண்டுவந்து விடப்பட்டவர்களும் உண்டு. சில நல்ல இல்லங்கள் படிப்பு முடியும் வரை வைத்துக்கொள்கின்றன. எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை. சட்டப்படி 18 வயது வரைதான் குழந்தை. மறுநாள் அவன் பெரிய மனிதன்!

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. வேடிக்கை என்று சொல்லக்கூடாது, வேதனை. இவர்களில் சிலருக்குத் தங்கள் பிறந்த தேதியே தெரியாது. பிறப்புச் சான்றிதழும் பள்ளிக்கூடச் சான்றிதழும் இல்லாவிட்டால், டாக்டர் எலும்பைப் படம் பிடித்து வயதைச் சொல்கிறார். அது உத்தேசக் கணக்குதான். அந்த உத்தேசக் கணக்கை வைத்து, ஒரு பிள்ளையின் தலைக்கு மேல் இருக்கும் கூரையை எடுத்துவிடுகிறார்கள்.

பால் காய்ச்சத் தெரியாத பெரியவன்

குடும்பத்தில் வளரும் பையனைப் பாருங்கள். 18 வயதில் அவனுக்குப் பால் காய்ச்சத் தெரியாது. அடுப்பில் வைத்தால் பொங்கவிடுவான். படிப்புச் செலவை அப்பா பார்த்துக்கொள்கிறார். காய்ச்சல் வந்தால் அம்மா கஞ்சி வைக்கிறாள். 25 வயதில் வேலை போய்விட்டால்கூட, பெட்டியோடு வந்து வீட்டுத் திண்ணையில் உட்காரலாம். "ஏனப்பா வந்தாய்?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டாலும், சோறு போட்டுவிட்டுத்தான் கேட்பார்கள்.

இல்லத்துப் பிள்ளைக்கு அந்தத் திண்ணை இல்லை.

அவன் வளர்ந்த விதமும் வேறு. மணி அடித்தால் எழுந்தான். மணி அடித்தால் சாப்பிட்டான். மணி அடித்தால் படுத்தான். அரை கிலோ துவரம்பருப்பு என்ன விலை என்று அவன் கடைக்காரரைக் கேட்டதில்லை. கையில் இருக்கும் 500 ரூபாயை ஒரு வாரத்துக்கு எப்படிப் பங்கிடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. இதை இல்லத்தின் குற்றம் என்றும் சொல்ல முடியாது. பெரிய அண்டாவில் எல்லாருக்கும் சேர்த்துச் சமைக்கும் இடத்தில், ஒவ்வொருவனையும் கடைக்கு அனுப்பிப் பழக்கமுடியுமா? ஆனால் அப்படி வளர்த்துவிட்டு, ஒரே நாளில் "சொந்தக் காலில் நில்" என்றால் அவன் என்ன செய்வான்?

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தக் கஷ்டம் சட்டம் செய்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் இதற்காகவே 46-வது பிரிவு இருக்கிறது. இல்லத்தைவிட்டு வெளியேறும் பிள்ளைக்குப் பண உதவி செய்ய வழி வகுக்கும் பிரிவு அது.

2016-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் வெளியிட்ட மாதிரி விதிகள் இன்னும் விளக்கமானவை. வெளியேறியவருக்கு 21 வயது வரை ஆதரவு கொடுக்கலாம். மிகவும் அவசியமானால் மேலும் 2 ஆண்டு நீட்டிக்கலாம். 6 பேர் முதல் 8 பேர் வரை சேர்ந்து தற்காலிகமாகத் தங்க ஒரு வீடு. தொழில் பழகும்போது உதவித்தொகை. யோசனை சொல்ல ஓர் ஆலோசகர். சொந்தத் தொழில் தொடங்க விரும்பினால் கடனுக்கு ஏற்பாடு. அவசியச் செலவுக்கான பணம் நேராக அவர்களுடைய பாங்கிக் கணக்குக்கே போகவேண்டும்.

எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஆனால் 46-வது பிரிவில் உள்ள ஒரு சொல்லைக் கவனியுங்கள். உதவி "அளிக்கப்படலாம்" என்றுதான் இருக்கிறது. "அளிக்கப்பட வேண்டும்" என்று இல்லை. கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். வந்த விருந்தாளியைப் பார்த்து "சாப்பிடலாமே" என்று இழுப்பதற்கும், "இலை போட்டாயிற்று, வாருங்கள்" என்று அழைப்பதற்கும் வித்தியாசம் இல்லையா? அந்த "லாம்" முதலில் போகவேண்டும்.

7 பேர், ஒரு வீடு

உதவித்தொகை எவ்வளவு? 2022-ம் ஆண்டில் வந்த "மிஷன் வாத்சல்யா" திட்ட விதிகளின்படி மாதம் 4 ஆயிரம் ரூபாய். சென்னையில் இந்தப் பணத்தில் ஒருவன் தனி அறை எடுத்து, மூன்று வேளை சாப்பிட்டு, பஸ்சில் வேலைக்குப் போய்வர முடியுமா? நிச்சயமாக முடியாது.

அதே பணத்தை வேறு விதமாகக் கணக்குப் போடுங்கள். 7 பேர் சேர்ந்தால் 28 ஆயிரம். ஊருக்குச் சற்று வெளியே ஒரு சிறு வீடு பிடிக்கலாம். அரிசி, பருப்பு வாங்கலாம்.

பணத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. அந்த வீட்டின் சாவி அவர்கள் கையில் இருக்கும். இன்று யார் சமையல், நாளை யார் கூட்டிப் பெருக்குவது, கரண்டு பணம் கட்ட யார் போவது என்று அவர்களே பேசி முடிவு செய்யவேண்டும். முதல் மாதம் சோறு குழையும். இரண்டாம் மாதம் 20-ந்தேதியே பணம் தீர்ந்துவிடும். சண்டை வரும். வரட்டுமே! தப்புச் செய்து பார்ப்பதற்குத்தான் அந்த வீடு. மிரட்டாமல் யோசனை சொல்லும் பெரியவர் ஒருவர் அடிக்கடி வந்து எட்டிப்பார்த்தால் போதும். தெருவில் நின்று படவேண்டிய அடி, வீட்டுக்குள் ஒரு சண்டையோடு போய்விடும்.

வேலை கிடைத்த மாதத்தில் இருந்து அவர்களிடம் ஒரு சிறு தொகையை வாடகையாக வாங்கவேண்டும். அதை அவரவர் பெயரில் பாங்கியில் போட்டுவைத்து, வெளியேறும் நாளில் கொடுத்துவிட வேண்டும். புது வீட்டுக்கு அதுவே அட்வான்சு ஆகிவிடும்.

"உட்காரவைத்துச் சோறு போட்டால் சோம்பேறி ஆகமாட்டானா?" என்று கேட்பவர்கள் உண்டு. இரவு எங்கே படுப்பது என்று தெரியாதவன் காலை 8 மணிக்குப் பட்டறையில் போய் நிற்பானா? குளிக்க இடம் இல்லாதவனை எந்த முதலாளி வேலைக்கு வைத்துக்கொள்வார்?

ஐஸ் ஹவுசில் தங்கியவர்கள்

இப்படி ஒரு வீடு சென்னைக்குப் புதிது அல்ல. கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில், சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு இளம் விதவைகள் தங்கிப் படித்தார்கள். அந்த விடுதியை நடத்தியவர் சகோதரி சுப்புலட்சுமி. அவரே சிறு வயதில் விதவை ஆனவர். எழும்பூரில் ஒரு சில பெண்களோடு தொடங்கிய விடுதி பிறகு கடற்கரைக்கு வந்தது. அங்கு படித்த பலர் ஆசிரியைகள் ஆனார்கள். சொந்தச் சம்பளத்தில் வாழ்ந்தார்கள். வயதைப் பார்த்து வெளியே அனுப்புவதைவிட, கைத்தொழிலைப் பார்த்து அனுப்புவது எவ்வளவு மேல்!

இந்தியாவில் குழந்தைகளுக்காகத் தனிச் சட்டம் கொண்டுவந்த முதல் மாகாணமும் சென்னைதான். அது 1920-ம் ஆண்டு.

பெண் என்றால்?

பையனாவது கூட்டாளியின் அறையில் ஒரு மூலையில் படுத்துக்கொள்வான். பெண் எங்கே போவாள்?

"நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டால் கவலை தீர்ந்தது" என்று சொல்வார்கள். கல்யாணம் நல்லதுதான். ஆனால் போக இடம் இல்லை என்பதற்காக ஒரு பெண் கழுத்தை நீட்டக்கூடாது. நாளைக்குப் புருஷன் அடித்தால், அவள் எந்தத் தாய்வீட்டுக்கு ஓடுவாள்? நர்சு வேலையோ, தையலோ, கணக்கு எழுதுவதோ எதையாவது கற்று, முதல் சம்பளத்தைக் கையில் வாங்கட்டும். பிறகு அவளே யோசித்து, பிடித்தவனைக் கட்டிக்கொள்ளட்டும். அதற்கு 2, 3 ஆண்டு அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தில் பயம் இல்லாமல் தூங்க ஒரு வீடு வேண்டும்.

யார் ஜாமீன்?

இவ்வளவும் நடந்தாலும் ஒரு முட்டுக்கட்டை பாக்கி இருக்கிறது. வீட்டுக்காரர்!

"அப்பா என்ன செய்கிறார்? சொந்த ஊர் எது? உனக்கு யார் ஜாமீன்?" இந்த 3 கேள்விக்கும் இல்லத்துப் பிள்ளையிடம் பதில் இல்லை. வீடு கிடைப்பது இல்லை.

வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல. மாடி வாடகையை நம்பிச் சாப்பிடும் வயதான தம்பதிகள் இருக்கிறார்கள். முன்பின் தெரியாத வாலிபர்களைக் கண்டால் அவர்கள் பயப்படுவது சகஜம். அந்தப் பயத்தைப் போக்கவேண்டியது அரசாங்கத்தின் வேலை. குழந்தைகள் பாதுகாப்புக்கு என்று மாவட்டத்தில் ஓர் அதிகாரி இருக்கிறார். வாடகைப் பத்திரத்தில் அவரே ஜாமீன் கையெழுத்துப் போடட்டும். பாக்கி விழுந்தால் அரசாங்கம் கொடுக்கட்டும். இத்தனை காலம் அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் ஸ்தானத்தில் இருந்தது அரசாங்கம்தானே?

அடுத்த மாதம் 18 வயது நிறையும் பிள்ளைகளின் பெயர்கள் இப்போதே இல்லங்களின் பதிவேட்டில் இருக்கின்றன. ஒரு வீடு பார்த்துப் பேசி முடிக்க ஒரு மாதம் போதும்.