இரைப்பையில் வளையம் போட்டாச்சு... பரோட்டா சாப்பிடலாமா?

2024 ஏப்ரலில் சென்னையில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். ‘ஆபரேஷன் பாதுகாப்பானதா?’ என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. ஆபரேஷன் முடிந்து வாழப்பாடி மாதிரி ஊருக்குத் திரும்பினால் அடுத்த கேள்வி காத்திருக்கும்: இனி எப்படிச் சாப்பிடுவது?

வளையம் என்ன செய்யும்?
இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி சிலிக்கோன் வளையம் மாட்டுவார்கள். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். வளையத்தின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க டாக்டரிடம் அவ்வப்போது போகணும்.

தட்டில் என்ன மாறும்?
முதல் சில வாரம் திரவ உணவு, பிறகு மசித்தது, அப்புறம்தான் திட உணவு. முட்டை, மீன், பருப்பு முதலில்; சோறு பிறகு. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். மெல்லாமல் விழுங்கிய பரோட்டா அடைத்துக்கொண்டு வாந்தி வரும். தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால், காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்கே கோட்டை விடுகிறோம்?
ஜூஸ், ஐஸ்கிரீம், மில்க்‌ஷேக் எல்லாம் வளையத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதையே குடித்துக்கொண்டிருந்தால் எடை குறையாது.

இன்னொரு சிக்கல், பந்தி. ரெண்டு வாய் சாப்பிட்டு எழுந்தால், ‘சாப்பாடு பிடிக்கலையா?’ என்பார்கள். அவர்களுக்கு மறுபடி பரிமாறாமல் விடுவதும் உபசரிப்புதான்.